போனில் சொல்லிப் பார்க்காத கட்டளை

கோவில்பட்டி வட்டாரத்தில் மழைமானிப் பலகை செய்துகொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

நீங்கள் அனுப்பிய தாளைப் போன வாரம் முழுக்கச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். மானாவாரிக் காட்டில் நடப்போகிற மழைமானிப் பலகை, அதற்கு நீங்களே எழுதிய பூட்லோடர், அதில் 17 கட்டளைகள். இந்தக் கட்டளைகளுக்கு என்ன பெயர் வைப்பது என்பதில் உங்களுக்குள் இரண்டு கட்சி ஆகி, ஒரு கட்சி போகிற டீக்கடைக்கு இன்னொரு கட்சி போவதில்லை என்கிற அளவுக்கு வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு ஆச்சரியமில்லை. மெமரியை எப்படிப் பிரிப்பது என்றால் ஒரு மணி நேரத்தில் சமாதானம் ஆகிவிடும். ஒரு கட்டளையை ‘ரீசெட்’ என்பதா ‘ரீபூட்’ என்பதா என்று ஆரம்பித்தால் மாதக்கணக்கில் இழுக்கும். இந்தத் தொழிலில் எங்கே போனாலும் இதுதான் நிலவரம்.

உங்களுக்கு மட்டும் எழுதாமல் ஊரறிய எழுதுவதற்குக் காரணம் உண்டு. சாத்தூரிலும் எட்டயபுரத்திலும் விளாத்திகுளத்திலும் இதே மாதிரிப் பலகைகளோடு மல்லுக்கட்டுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும். மற்றவர்களுக்காக ஒரு சொல்: பூட்லோடர் என்பது பலகைக்குக் கரண்ட் வந்ததும் முதலில் கண்விழிக்கிற சின்ன நிரல். பெரிய மென்பொருளைத் தேடி எடுத்து, நினைவகத்தில் ஏற்றி, ஓட விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. ஏதாவது கெட்டால்தான் அதன் முன்னால் போய் உட்கார்ந்து கட்டளை தட்ட வேண்டியிருக்கும். கெட்டுப்போன நேரத்தில் மட்டும் பேசவேண்டிய பாஷை அது. இந்த ஒன்றை மறக்காமல் மேலே படியுங்கள்.

கட்டளைகளை எல்லாம் தமிழெழுத்திலேயே எழுதப்போகிறேன். பார்க்க ஒரு மாதிரி இருக்கும். ஆனால் போனில் நாம் அப்படித்தானே சொல்கிறோம்?

கயத்தாறுப் பக்கத்துக் காற்றாலைகளை நீங்கள் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். சில வருடங்களுக்கு முன்னால் நான் வேலை பார்த்த இடத்தில் செய்த பலகை ஒன்று, அந்தக் காற்றாலைகளில் சிலவற்றின் அடியில் ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்து கணக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஆனி மாதம். காற்று உச்சத்தில் இருக்கிற காலம். சாயங்காலம் ஐந்து மணிக்கு அங்கிருந்த டெக்னீஷியன் கூப்பிட்டார். பலகை பாதியில் நிற்கிறது. லேப்டாப்பில் மூன்று கம்பி சீரியல் கேபிளை மாட்டி, வேகம் 115200 வைத்து, தயாராக இருக்கிறார். நான் சென்னையில்.

பலகையில் இருந்தது யூ-பூட். உங்களில் ஒரு கட்சி வேதமாக வைத்துக்கொண்டிருக்கிற அதே யூ-பூட். கரண்ட் போட்டதும் ‘ஹிட் எனி கீ டு ஸ்டாப் ஆட்டோபூட்’ என்று சொல்லி மூன்று, இரண்டு, ஒன்று என எண்ணும். அதற்குள் ஏதாவது ஒரு பொத்தானை அமுக்கினால்தான் கட்டளை தட்ட விடும். இரண்டு தடவை தவறவிட்டு மூன்றாவது தடவை பிடித்தார்.

அடுத்து, ஒரு ரெஜிஸ்டரில் இரண்டு எண்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுத வேண்டும். முகவரி ஒன்றுதான். முதல் எண் பூட்டைத் திறக்கிற சாவி, இரண்டாவதுதான் உள்ளே போகிற மதிப்பு. இதற்கு யூ-பூட்டில் என்எம் என்று ஒரு கட்டளை இருக்கிறது. எத்தனை எண் கொடுத்தாலும் அதே முகவரியில் எழுதும். ‘நகராத மெமரி’ என்று என் வசதிக்கு மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எம்எம் என்று இன்னொன்று உண்டு. அது ஒவ்வொரு எண்ணை எழுதியதும் அடுத்த முகவரிக்கு நகர்ந்துவிடும்.

“என்எம் போடுங்க.”

“எம்எம்மா ஸார்?”

“என். நெல்லைக்கு என்.”

“காத்து இரையுது ஸார்… சரி, போட்டுட்டேன்.”

முதல் எண்ணைச் சொன்னேன். இரண்டாவதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம் மட்டும். பிறகு, “ஸார், கட்டங்கட்டமா என்னமோ வருது. எழுத்தே இல்ல.”

எனக்கு விளங்கிவிட்டது. அவர் போட்டது எம்எம். இரண்டாவது எண் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. அந்த அடுத்த வீடு, கடிகார வேகத்தை வகுக்கிற ரெஜிஸ்டர். சீரியல் வேகம் மாறிப்போய், பலகை பேசுவது லேப்டாப்புக்குப் புரியவில்லை. நல்ல வேளை, கரண்டை நிறுத்திப் போட்டதும் பழைய நிலைக்கு வந்தது. மறுபடி ஆரம்பத்திலிருந்து. இந்தத் தடவை ‘இரண்டு கால் எழுத்து, மூன்று கால் எழுத்து’ என்று சின்ன என், சின்ன எம் வடிவத்தைச் சொல்லிச் சரிக்கட்டினேன்.

அத்தோடு முடியவில்லை. ஒரு மாறியின் மதிப்பை செட்என்வ் கொண்டு மாற்றி, சேவ்என்வ் கொடுத்து நிரந்தரமாக்கி, “இப்ப ரீசெட் கொடுங்க” என்றேன். அவர் கொடுக்கவில்லை.

“ரீசெட் கொடுத்தா எல்லாம் போயிருமே ஸார்? இப்பத்தானே சேவ் பண்ணுனோம்?”

அவர் சொன்னதில் என்ன தப்பு? கையில் வைத்திருக்கிற போனில் ‘ரீசெட்’ என்றால் போட்டோ, நம்பர் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு வாங்கிய அன்றைக்கு இருந்த நிலைக்குக் கொண்டுபோவது. யூ-பூட்டில் ரீசெட் என்றால் வெறுமனே நிறுத்தி எழுப்புவது. ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். அதில் ஒன்று ஆளை நடுங்க வைக்கிற பொருள். அந்தப் பதற்றமான நேரத்திலும் கையை எடுத்துவிட்டு என்னிடம் கேட்டாரே, அவரைத்தான் நான் நல்ல டெக்னீஷியன் என்பேன்.

உங்கள் 17 கட்டளைகளில் எத்தனை இந்தப் போன் சோதனையில் தேறும் என்று எண்ணிப் பார்த்தேன். ஆறு தேறவில்லை. டிஎல், டிஏ என்று இரண்டு வைத்திருக்கிறீர்கள். ஒன்று பதிவைக் காட்டுவது, இன்னொன்று பதிவை அனுப்புவது. எதிர்முனையில் டிராக்டர் ஓடினால் இரண்டும் ஒன்றுதான்.

யூ-பூட் எழுதியவர்கள் விவரம் தெரியாதவர்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பெயர்கள் பிறந்த காலமும் இடமும் வேறு. 8எக்ஸ்எக்ஸ்ரோம் என்ற ஒரு சின்ன நிரலிலிருந்து தொடங்கியது அது. ஜெர்மனியின் வோல்ஃப்காங் டெங்க் அதைப் பொதுவில் வைத்து வளர்க்க சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்துக்குக் கொண்டுபோனபோது, பெயர் எண்ணில் தொடங்கக் கூடாது என்று அந்தத் தளத்தின் விதி குறுக்கே நின்றது. அதனால் பிபிசிபூட் ஆயிற்று. பவர்பிசி சில்லுக்கு மட்டும் என்றிருந்தது மற்றச் சில்லுகளுக்கும் பரவியதும், 2002இல் யூ-பூட் ஆயிற்று. ஜெர்மன் மொழியில் யூ-பூட் என்றால் நீர்மூழ்கிக் கப்பல். பெயர் வைக்கிற சண்டை மென்பொருளுக்குள் நுழைவதற்கு முன்னால் வாசலிலேயே தொடங்கிவிடுகிறது, பாருங்கள்.

அன்றைக்கு ஃபிளாஷ் நினைவகம் விலை அதிகம், தட்டுகிறவர் பலகையைச் செய்த அதே ஆள். மேஜைமேல் பலகை, மேஜைக்கு முன்னால் அவர். எம்டி என்றால் மெமரியைக் காட்டு, எம்டபிள்யூ என்றால் மெமரியில் எழுது. கை பழகிவிட்டால் இதைவிட வேகம் எதிலும் வராது. நானே பத்து வருடம் யோசிக்காமல் தட்டியிருக்கிறேன். இன்னும் கேட்டால், முழுப் பெயரையும் தட்டவேண்டியதில்லை. வேறு கட்டளையோடு மோதாத அளவுக்கு முதல் சில எழுத்துகள் போதும். பிரிண்ட்என்வ் என்பதற்கு ‘பிஆர்ஐ’ போட்டால் புரிந்துகொள்ளும். வசதிதான். ஆனால் நீங்கள் அந்தச் சுருக்கத்தை ஒரு ஸ்கிரிப்டில் எழுதி வைத்துவிட்டுப் போக, அடுத்த வருடம் அதே மூன்று எழுத்தில் தொடங்குகிற புதிய கட்டளை ஒன்று வந்து சேர்ந்தால், நேற்றுவரை ஓடிய பலகை இன்றைக்கு விழிக்காது. உங்கள் பூட்லோடரிலும் இந்த வசதியை வைத்திருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

இப்போது உங்கள் பட்டியலில் என்னைத் தூங்கவிடாமல் செய்த ஒன்று: ‘இனிட்’. கேட்க எவ்வளவு மங்களமாக இருக்கிறது! தொடக்கி வை என்கிற மாதிரி. அது என்ன செய்கிறது என்று உங்கள் குறிப்பைப் புரட்டிப் பார்த்தால், மழைமானிக்குள் நிரம்பிச் சாய்கிற வாளியின் அளவுத்திருத்த எண்ணையும், அந்தப் பருவம் முழுக்கச் சேர்ந்த மழைப் பதிவையும் துடைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கிறது. புரட்டாசியில் விதைத்ததிலிருந்து தைவரை அந்தக் காட்டில் பெய்த மழையின் ஒரே கணக்கு அதில்தான் இருக்கிறது. பயிர் காப்பீட்டுக்கு அலைகிற சம்சாரிக்கு அது என்னவென்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அதைத் துடைக்கிற கட்டளையின் பெயரில் ‘துடைப்பு’ இருக்க வேண்டாமா?

மெல்லிய சொல்லுக்குள் கத்தியை மறைப்பது உங்களோடு தொடங்கியதல்ல. யூ-பூட்டில் நேண்ட் ஃபிளாஷுக்கு இரண்டு கட்டளைகள்: ‘நேண்ட் இரேஸ்’, ‘நேண்ட் ஸ்கிரப்’. ஸ்கிரப் என்றால் பாத்திரம் தேய்க்கிற ஞாபகம்தான் வரும். அழிப்பதைவிடச் சாதுவான வேலை போலிருக்கிறது. உண்மையில் அதுதான் கொடூரம். ஆலையிலிருந்து வரும்போதே ‘இந்தக் கட்டம் கெட்டது, தொடாதே’ என்று சில்லில் குறித்து அனுப்பியிருப்பார்கள். இரேஸ் அந்தக் குறிகளை மதித்து விலகிப் போகும். ஸ்கிரப் அதையும் சேர்த்துத் தேய்த்துவிடும். போன குறி திரும்ப வராது. செய்வதற்கு முன் ‘நிஜமாகவா?’ என்று ஒரு தடவை கேட்கும்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் பெயரே அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாம்.

இரேஸுக்கும் ஒரு கதை உண்டு. ஒரு காலத்தில் ‘நேண்ட் இரேஸ்’ என்று மட்டும் தட்டி, எங்கிருந்து எவ்வளவு என்று சொல்லாமல் என்டரை அமுக்கினால், சில்லு முழுவதையும் அழித்துவிடும். அரைகுறையாகத் தட்டியவனுக்கு மரண தண்டனை. பிறகு அதை மாற்றினார்கள். முழுச் சில்லையும் அழிக்க வேண்டுமானால் ‘இரேஸ்’ என்பதோடு புள்ளி வைத்து ‘சிப்’ என்றும் சேர்த்துத் தட்ட வேண்டும். ஒரு புள்ளியும் நான்கு எழுத்தும். அந்த ஐந்து தட்டலில் ஒரு மனிதன் யோசித்துக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. உங்கள் ‘இனிட்’டுக்கு நான் கேட்பது அவ்வளவுதான்.

என் சொந்தக் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், சிரித்துக்கொள்ளுங்கள். யூ-பூட்டில் எண்களைத் தட்டினால் பெரும்பாலும் ஹெக்ஸ் என்றே எடுத்துக்கொள்ளும். பத்து என்று தட்டினால் பதினாறு. புதிதாக வேலைக்குச் சேர்ந்த நாட்களில் ஒரு பலகையின் ஃபிளாஷில் 64 கிலோபைட் கட்டம் ஒன்றை மட்டும் அழிக்க வேண்டியிருந்தது. 64 கிலோபைட் என்றால் 65,536 பைட். கணக்கில் புலியாயிற்றே, அதையே தட்டினேன். அது 65536-ஐ ஹெக்ஸ் என்று படித்தது. நம் எண்ணிக்கையில் 4,15,030. நீளத்துக்கு முன்னால் கூட்டல் குறி வேறு போட்டிருந்தேன். அப்படிப் போட்டால் முழுக் கட்டமாக மேல்நோக்கித் திருத்திக்கொள்ளும். ஆக, ஒரு கட்டத்துக்குப் பதில் ஏழு கட்டம் போயிற்று. பக்கத்திலிருந்த கர்னலின் தலை அதோடு போனது. பூட்லோடர் முன்பக்கக் கட்டங்களில் இருந்ததால் தப்பியது. ஒரு பிற்பகல் முழுக்க உட்கார்ந்து மறுபடி ஏற்றினேன். இதில் வேடிக்கை என்னவென்றால், அதே யூ-பூட்டில் ‘ஸ்லீப் 10’ என்று தட்டினால் பதினாறு நொடி தூங்காது, பத்தே நொடிதான். நொடிக்கு மட்டும் மனுஷக் கணக்கு.

எங்கள் அப்பா மழையை மில்லிமீட்டரில் சொன்னதில்லை. “ஒரு உழவு மழை” என்பார். மண் ஏர் ஓட்டுகிற ஆழத்துக்கு நனைந்திருக்கிறது என்று பொருள். பக்கத்துக் காட்டுக்காரருக்கும், விதை வாங்கப் போகிற கடைக்காரருக்கும் அது ஒரே பொருள். எண்ணும் அளவும் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கிடந்தன. உங்கள் பலகையில் ‘டிப் 2’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. வாளி ஒரு தடவை சாய்ந்தால் எவ்வளவு மழை என்று அமைப்பதற்கு. இரண்டு என்ன? 0.2 மில்லிமீட்டரா, இரண்டு மில்லிமீட்டரா, அட்டவணையில் இரண்டாவது வரியா? குறிப்பைப் பார்த்தபிறகும் எனக்கு ஐயம் தீரவில்லை. எண்ணோடு அலகையும் கேட்டு வாங்குங்கள். அலகில்லாமல் தட்டினால் ஏற்காமல் திருப்பிக் கேட்கட்டும். உங்கள் சில்லில் அதற்கு இடமிருக்கிறது, பார்த்துவிட்டேன்.

இடம் பற்றிச் சொன்னதும் நினைவு வருகிறது. 2011இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. பாஸ் சென்னை சி-டாக்கில் உருவானது. திறந்ததும் எது வேண்டும் என்று கேட்கிற கறுப்புத் திரை, கிரப் என்ற பூட்லோடருடையது. கரிசல் காட்டு ஊர்களில் ஆயிரமாயிரம் பிள்ளைகள் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்த பூட்லோடர் அதுதான். அதற்குப் பெயர் உண்டு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டுப் பையன் மடிக்கணினியை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு வந்தான். “அண்ணாச்சி, படம் ஏத்த எடம் இல்லன்னு ஒரு பார்ட்டிஷனை அழிச்சேன். இப்ப இப்பிடி நிக்குது.” அழித்தது பாஸ் இருந்த பார்ட்டிஷன். கிரப்பின் உடம்பில் பெரும்பகுதி அதற்குள் இருந்தது. மிச்சமிருந்த தலை மட்டும் விழித்து, ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று காட்டிக்கொண்டு நின்றது. பையன் புத்திசாலி. ரெஸ்க்யூ என்றால் மீட்பு என்று தெரிந்து ‘ஹெல்ப்’ என்று தட்டியிருக்கிறான். ‘அன்நோன் கமாண்ட்’ என்று பதில். மீட்பு என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு, உதவி என்றால் என்னவென்று கேட்கிற இடம்!

நியாயம் இல்லாமலில்லை. வட்டின் தொடக்கத்துக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் நடுவில் கிடக்கிற சந்தில், பழைய முறை வட்டுகளில் ஏறக்குறைய 31 கிலோபைட்டுக்குள், அந்தத் தலை அடங்க வேண்டும். அதில் உதவிப் புத்தகம் வைக்க முடியாது. ஆனால் அந்த நிலையில் வேலை செய்கிற கட்டளைகளே எல்எஸ், செட், அன்செட், இன்ஸ்மாட் என்று நான்குதான். ‘தெரியாத கட்டளை’ என்று சொல்கிற இடத்தில் அந்த நான்கையும் காட்ட, இடைவெளி சேர்த்து 19 ஆங்கில எழுத்து போதும். 19 பைட். உங்கள் பூட்லோடர் தெரியாத கட்டளை வந்தால் ‘இஆர்ஆர் 4’ என்கிறது. உங்களில் எந்தக் கட்சியின் கைவேலை இது?

சரி, நீங்கள் ஆவலாக எதிர்பார்க்கிற கேள்விக்கு வருகிறேன். கட்டளைகள் தமிழில் இருக்கலாமா?

இருக்கலாம். முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியில் பிள்ளைகள் தமிழிலேயே நிரல் எழுதலாம். அதில் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. கற்றுக்கொடுக்கிற இடத்தில் அது பெரிய காரியம். ஆனால் பூட்லோடரில் உட்கார்ந்து பார்த்தால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. ‘அழி’ என்பது கண்ணுக்கு இரண்டு எழுத்து. யூனிகோடில் அ, ழ, இகரக் கொக்கி என்று மூன்று. ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக ஒன்பது. ‘இரேஸ்’ ஆங்கிலத்தில் ஐந்து பைட். இடம்கூடப் பரவாயில்லை. உங்கள் வரித்திருத்தி பைட் பைட்டாகத்தான் பின்னால் நகர்கிறது. தப்பாகத் தட்டிவிட்டு ஒரு தடவை பேக்ஸ்பேஸ் அமுக்கினால், எழுத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் போய், மிச்சம் குப்பையாக நிற்கும். கயத்தாறு டெக்னீஷியன் பார்த்த அதே கட்டங்கட்டம்.

அப்படியானால் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதலாம் என்கிறாள் உங்களில் ஒருத்தி. முதலில் எனக்கும் பிடித்தது. பிறகு உங்கள் ஐந்து பேரையும் ‘அழி’ என்பதைத் தனித்தனியாக ஆங்கிலத்தில் எழுதி அனுப்பச் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? மூன்று விதமாக வந்தது. இசட் எச் போட்டது ஒன்று, வெறும் எல் போட்டது ஒன்று, இரண்டு எல் போட்டது ஒன்று. ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்கிற ஐந்து பேருக்குள் மூன்று அழிவு என்றால், விளாத்திகுளத்தில் தட்டப்போகிறவர் எதைப் போடுவார்?

என் தீர்ப்பு இது, ஏற்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம். தட்டுகிற சொல் ஆங்கில எழுத்தில், முழுச் சொல்லாக இருக்கட்டும். பலகை திருப்பிச் சொல்கிற பேச்சு முழுக்கத் தமிழில் இருக்கட்டும். அதைத் தீட்டுவது லேப்டாப்பின் வேலை, பலகைக்கு ஒரு பாரமும் இல்லை. ‘பருவப் பதிவு அழியப் போகிறது. 112 நாள் பதிவு உள்ளது’ என்று அது தமிழில் சொன்னால், தட்டுகிறவர் கை நின்றுவிடும். அந்த இடத்தில்தான் தாய்மொழி வேலை செய்யும்.

தமிழ் இன்னோர் இடத்திலும் உதவும் என்று எனக்கு ஒரு கிறுக்கு எண்ணம். யூ-பூட்டில் பிரிண்ட்என்வ், செட்என்வ், சேவ்என்வ் என்று தனித்தனியாக இருந்தவற்றை ஒரு கட்டத்தில் ‘என்வ்’ என்ற ஒரே குடையின்கீழ் கொண்டுவந்தார்கள். ‘என்வ் பிரிண்ட்’, ‘என்வ் செட்’, ‘என்வ் சேவ்’. பொருள் முன்னால், வினை பின்னால். நேண்ட் இரேஸும் அப்படித்தான். ஆங்கிலக்காரருக்கு இது கொஞ்சம் தலைகீழ். நமக்கோ வீட்டுப் பேச்சு. காட்டை உழு, மாட்டைக் கட்டு. நாம் எப்போது வினையை முன்னால் வைத்துப் பேசினோம்? உங்கள் பட்டியலில் பாதி வினை முன்னால், பாதி பின்னால். எல்லாவற்றையும் பொருள் முன், வினை பின் என்று மாற்றுங்கள். பதிவு காட்டு, பதிவு அனுப்பு, பதிவு அழி என்கிற வரிசையில் ஆங்கிலச் சொற்கள். ‘பதிவு’ என்று தட்டி நிறுத்தினால், அதற்கு என்னென்ன செய்யலாம் என்று பலகையே சொல்லட்டும்.

நம் வட்டாரத்துக்குப் பெயர் வைக்கிற வேலை புதிதில்லை. இடைசெவல்காரர் கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்தபோது, சொற்களை மேஜையில் உட்கார்ந்து உண்டாக்கவில்லை. அந்தச் சொல்லை வைத்துப் பிழைக்கிறவர் வாயிலிருந்து எடுத்தார். கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901இலிருந்து இருக்கிறது. அங்கிருந்து வந்த ரகங்களுக்கு ‘கே’ போட்டு எண் கொடுப்பார்கள். கே 8 சோளம் என்றால் கடைக்காரருக்கும் சம்சாரிக்கும் குழப்பமே கிடையாது. எம்சியு என்றால் நீங்கள் மைக்ரோகண்ட்ரோலர் என்பீர்கள். உங்கள் தாத்தாவிடம் கேளுங்கள், எம்சியு 5 பருத்தி என்பார். மெட்ராஸ், கம்போடியா, உகாண்டா என்று மூன்று ஊரை ஒட்டவைத்த பெயர் அது. விரிவு தெரியாமலே ஒரு தலைமுறை அதைச் சொல்லி விதை வாங்கியிருக்கிறது. சுருக்கப்பெயர் நிலைக்க வேண்டுமானால் பக்கத்தில் அதைப் போலவே ஒலிக்கிற இன்னொன்று இருக்கக் கூடாது. எம்எம், என்எம் சங்கடத்துக்கு அங்கேயே விடை இருக்கிறது.

அவசரம் ஏன் என்று ஒருவர் கேட்டிருந்தீர்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாமே என்று. மாற்ற முடியாது, தம்பி. யூனிக்ஸில் ‘கிரியேட்’ என்பதைக் கடைசி எழுத்தான இ இல்லாமல் எழுதி வைத்தார் கென் தாம்சன். அரை நூற்றாண்டாக அப்படியே இருக்கிறது. மறுபடி செய்தால் அந்த இ-யைச் சேர்ப்பேன் என்று அவரே வேடிக்கையாகச் சொன்னார் என்பார்கள். யூ-பூட் குடை பிடித்தபிறகும் பிரிண்ட்என்வ், செட்என்வ் சாகவில்லை. உலகம் முழுக்க ஸ்கிரிப்டுகளில் எழுதிவிட்டார்கள். கிரப் பழைய பதிப்பில் பார்ட்டிஷனைப் பூஜ்யத்திலிருந்து எண்ணியது, புதிய பதிப்பில் ஒன்றிலிருந்து எண்ணுகிறது. வட்டை மட்டும் இன்னும் பூஜ்யத்திலிருந்தே. பழைய குறிப்பைப் பார்த்துத் தட்டியவர்கள் பட்டபாடு கொஞ்சமில்லை. கைக்குப் போன பெயர் திரும்பி வராது.

உங்கள் விஷயத்தில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. ஐப்பசி மழையில் கரிசலுக்குள் இறங்கிப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? காலை வைத்தால் செருப்பு உள்ளே, கால் வெளியே. பைக் சக்கரம் பத்தடியில் மண் அப்பி நின்றுவிடும். பலகை கெட்டால், அது எந்த நாளில் கெட வேண்டாமோ அந்த நாளில்தான் கெடும். மூன்று நாளைக்கு ஒருவரும் கிட்டே போக முடியாது. நான்காம் நாள் போகிறவரும் நீங்களாக இருக்கமாட்டீர்கள். நீங்கள் அப்போது பெங்களூரிலோ கோயம்புத்தூரிலோ வேலையில் இருப்பீர்கள். ஊரில் இருக்கிற யாரோ ஒரு அண்ணன், வரப்பில் குந்திக்கொண்டு, ஒரு கையில் போனும் ஒரு கையில் கேபிளுமாக உங்களைக் கூப்பிடுவார்.

ஆகையால் ஒரு வேலை செய்யுங்கள். காற்று இன்னும் குறையவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு கட்சியும் ஒரே பஸ்ஸில் ஏறிக் கயத்தாறு தாண்டி இறங்குங்கள். ஏதாவது ஒரு காற்றாலைக்குக் கொஞ்சம் தள்ளி நின்று, பட்டியலில் இருக்கிற 17 கட்டளைகளையும் ஒருவர் மாற்றி ஒருவர் போனில் எனக்குச் சொல்லுங்கள். ஒரு தடவைதான் சொல்லவேண்டும், எழுத்துக்கூட்டக் கூடாது. என் காதில் விழுந்ததை நான் இங்கே ஒரு தாளில் எழுதிக்கொண்டே வருகிறேன். சாயங்காலம் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். திரும்பும்போது கோவில்பட்டியில் இறங்கி, ஒரே கடையில் டீ குடியுங்கள். கடலைமிட்டாய் கால் கிலோ எனக்கு எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்கார அண்ணன்